செத்த பிராணிகளும் ஊர்ச் சுகாதாரமும்

"எங்கிருந்தோ பிண நாற்றம் வீசுகிறது, வீட்டில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை" என்ற முறையீட்டைக் கிராமங்களுக்குச் செல்லும்போது நாம் அடிக்கடி கேட்கிறோம். தேடிப் பார்த்தால் பரணில் செத்த எலியோ, வேலியோரம் கிடக்கும் நாயோ, ஏரிக்கரையில் இழுத்துப் போடப்பட்ட மாடோ காரணமாக இருக்கும். சாம்பிராணி போடுவதும் பினாயில் தெளிப்பதும் இந்த நாற்றத்தைச் சற்று நேரம் மறைக்குமேயன்றி நீக்கமாட்டா.

நாற்றம் எழுவது ஏன்?

உயிர் நீங்கிய உடலை நுண்கிருமிகள் அழுகச் செய்கின்றன. அப்போது அம்மோனியாவும் கந்தகம் கலந்த வாயுக்களும் வெளிப்படுகின்றன. உடல் கிடக்கும்வரை இவையும் வெளிவந்துகொண்டே இருக்கும். ஆகவே உடலைக் கண்டுபிடித்து அகற்றுவதே முதல் வேலையாகும்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவை

காலையில் கதவு சன்னல்களைத் திறப்பதற்கு முன் நாற்றம் எந்த மூலையில் மிகுந்திருக்கிறது என்று கவனிக்கவேண்டும். ஈக்கள் மொய்க்கும் இடமும் வழிகாட்டும். செத்த எலியை வெறுங்கையால் தொடலாகாது. கையுறை அணிந்து, மண்வெட்டியால் எடுத்து, குழியிலிட்டு மூடவேண்டும். 1 லிட்டர் தண்ணீரில் சுமார் 30 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அவ்விடத்தில் ஊற்றி, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவவேண்டும். இக்கரைசலுடன் ஆசிடைக் கலப்பது அபாயம். நச்சு வாயு எழும். நஞ்சு தின்ற எலி எட்டாத இடுக்கில் போய்ச் சாவதுண்டு. ஆதலால் வீட்டுக்குள் எலிப்பொறியே நல்லது.

மாடு இறந்தால்

முற்காலத்தில் பிணந்தின்னிக் கழுகுகள் மாட்டின் உடலை விரைவில் தின்று தீர்த்தன. 1990-களில் அக்கழுகுகள் பெரிதும் அழிந்தன. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்னும் மருந்தே காரணம் எனக் கண்டு, 2006-இல் கால்நடைகளுக்கு அதனைக் கொடுப்பது தடை செய்யப்பட்டது. இன்று வெட்டவெளியில் போட்ட உடலை நாய்களே இழுத்து வந்து தெருவில் சேர்க்கின்றன. எனவே அன்றே புதைத்துவிட வேண்டும்.

குழி 6 அடிக்குக் குறையாத ஆழம் இருக்கட்டும். உடலின் மீது சுண்ணாம்புத் தூளைத் தூவி, குறைந்தது 3 அடி மண்ணிட்டு இறுக்கவேண்டும். கிணறு, ஏரி, வாய்க்கால்களுக்கு அருகிலும், மழைக்காலத்தில் நீர் ஊறும் தாழ்வான நிலத்திலும் குழி வெட்டலாகாது.

மாடோ ஆடோ திடீரென்று இறந்து, மூக்கு, வாய், ஆசனவாய் ஆகியவற்றிலிருந்து உறையாத இரத்தம் கசிந்தால், அது அடைப்பான் நோயாக இருக்கலாம். இந்நோய் மனிதரையும் தாக்கும். அவ்வுடலை அறுக்கவோ, தோலை உரிக்கவோ, இறைச்சியை உண்ணவோ, வேறிடத்துக்கு இழுத்துச் செல்லவோ கூடாது. உடலைத் திறந்தால் கிருமியின் வித்துக்கள் மண்ணில் சேர்ந்து பல்லாண்டுகள் உயிரோடிருக்கும். நாய்கள் அண்டாமல் காத்து, உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவித்து, மருத்துவர் சொல்லும் முறைப்படியே புதைக்கவேண்டும்.

யார் செய்வது?

சில ஊர்களில், செத்த மாட்டை அகற்றுவது இன்னாருடைய வேலை என்று ஒரு சாரார்மீது சுமத்தும் வழக்கம் இருந்துவந்துள்ளது. இது நீதியன்று, சட்டத்துக்கும் விரோதமாகும். தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களைப் பிராணிகளின் உடலை அகற்றவோ சுமக்கவோ செய்வது, 2015-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். மாட்டால் பயன்பெற்றவர் அதன் உடலைப் புதைக்கும் பொறுப்பையும் ஏற்பதே முறை.

பஞ்சாயத்தின் கடமை

ஊருக்கு வெளியே, மேடான பொது நிலத்தில் ஓரிடத்தை இதற்கென ஒதுக்கி வேலியிடுதல் நலம். ஒரு மூட்டை சுண்ணாம்பும், மண்வெட்டி, கையுறைகளும் பஞ்சாயத்து அலுவலகத்தில் எப்போதும் இருக்கட்டும். குழி வெட்ட இயந்திரத்தை யாரிடம் அழைப்பது, ஏழை விவசாயிக்கு அச்செலவில் எவ்வாறு உதவுவது என்பனவற்றை, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராம சபையில் பேசித் தீர்மானித்துக்கொள்ளலாம். மாடு இறந்த நாளில் இடம் தேடுவதைவிட, இன்றே இடத்தை ஒதுக்கி வைப்பது மேல். உறுப்பினர்கள் இதனை அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.