பிள்ளைகளின் இழுப்பு நோய்: எந்த வாசலைத் தட்டினாலும்



மருத்துவமனைகளுக்குத் தாராளமாய் உதவுகிற சபையார் வழக்கமாய்க் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, என்ன மெஷின் வாங்கித் தரலாம்?" நல்ல மனதோடு கேட்கிற கேள்விதான். ஆனால் பிள்ளைகளுக்கு வருகிற ஆஸ்துமாவைப் பொறுத்தவரை இதற்கு நேரான பதில் சொல்வது கடினம். இந்த வியாதிக்கு மருந்து வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. சால்புட்டமால் இன்ஹேலர் 1969-இலும், பெக்லோமெத்தசோன் என்னும் தடுப்பு இன்ஹேலர் 1972-இலும் உபயோகத்திற்கு வந்தன. அப்படியிருந்தும், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2019-ஆம் ஆண்டில் மாத்திரம் 4,55,000 பேர் ஆஸ்துமாவினால் இறந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வருமானம் குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள். மருந்தும் இருக்கிறது, நோயாளியும் இருக்கிறார். இரண்டும் சந்திக்க வேண்டிய இடத்தில் ஏதோ தவறிப்போகிறது. அந்த இடம் பெரும்பாலும் ஒரு சாதாரண கிளினிக்கின் மேஜைதான்.

முதலில் வியாதியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நான் வைத்தியன் அல்லன். ஆனால் குழந்தைகள் வார்டில் வருஷக்கணக்காய் நடமாடுகிறவனுக்கு டாக்டர்கள் தாய்மாருக்குச் சொல்லுகிற விளக்கம் மனப்பாடம் ஆகிவிடுகிறது. நுரையீரலுக்குள் காற்றைக் கொண்டுபோகிற குழாய்கள் மரக்கிளைகளைப்போலப் பிரிந்து பிரிந்து போகின்றன. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அந்தக் குழாய்களின் உட்சுவர் சிவந்து வீங்கியிருக்கும். பிள்ளை ஓடி விளையாடுகிற நாளிலும் அந்த வீக்கம் உள்ளே இருக்கக்கூடும். அப்படி இருக்கும்போது ஒரு ஜலதோஷமோ, தூசியோ, விறகு அடுப்புப் புகையோ பட்டவுடன் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளியும் சேருகிறது. உள்ளே இழுத்த மூச்சை வெளியே விடுவதே பிள்ளைக்குப் பெரும்பாடு ஆகிறது. நாம் கேட்கிற விசில் சத்தம் அப்படித்தான் வருகிறது.

ஆகவே மருந்தும் இரண்டு விதம். சால்புட்டமால் இறுகின தசையைச் சில நிமிஷங்களில் தளர்த்தும். நாலைந்து மணி நேரம் தாங்கும். உள்ளேயிருக்கிற வீக்கத்தை அது தொடுவதில்லை. ஒழுகுகிற ஓட்டுக்கூரையின் கீழே பாத்திரம் வைக்கிறதைப் போன்றது அது. மழை நேரத்தில் பாத்திரம் வேண்டியதுதான். ஆனால் ஓட்டை மாற்றுகிற வேலையைச் செய்வது மற்ற மருந்து. பூடசோனைடு, பெக்லோமெத்தசோன், ஃப்ளூட்டிக்கசோன் ஆகிய உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுகள் நாள்தோறும் எடுக்க எடுக்க, நாட்களிலும் வாரங்களிலும் மெதுவாக வீக்கத்தைத் தணிக்கின்றன. எடுத்தவுடன் ஒன்றும் தெரியாது. இங்கேதான் சிக்கல் ஆரம்பமாகிறது. உடனே சுகம் தருகிற மருந்தை ஜனங்கள் நம்புகிறார்கள். சத்தமில்லாமல் வேலை செய்கிற மருந்தை இரண்டு வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

டாக்டரிடம் கேட்கத் தயங்குகிறதைத் தாய்மார் எங்களைப் போன்றவர்களிடம் கேட்பார்கள். "ஐயா, இன்ஹேலர் வைத்தால் பழகிவிடுமாமே? பிறகு விடவே முடியாதாமே?" என்று கேட்காத தாய் அபூர்வம். பெண்பிள்ளையானால் கவலை இன்னும் அதிகம். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று, நான்கு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே கேட்பார்கள். இதனால் வாழைப்பழத்தையும் தயிரையும் நிறுத்திப் பார்ப்பார்கள். ஐதராபாத்துக்கு ரயிலேறி, விரால் குஞ்சின் வாயில் மருந்தை வைத்து விழுங்க வைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. "இன்ஹேலர் வேண்டாம், டானிக் எழுதிக் கொடுங்கள்" என்று கெஞ்சுகிறவர்கள் மிகுதி.

அந்த டானிக்கின் கணக்கைப் பாருங்கள். சால்புட்டமால் சிரப் 5 மில்லியில் 2 மில்லிகிராம், அதாவது 2,000 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். ஒரு ஸ்பூன் சிரப்பில் இருபது அழுத்தலுக்குரிய மருந்து வயிற்றுக்குள் போய், இரத்தத்தில் கலந்து, கையை நடுங்கவைத்து, நெஞ்சைப் படபடக்கவைத்து, மிச்சம்தான் நுரையீரலுக்குப் போய்ச் சேருகிறது. எதைக் கண்டு பயப்படவேண்டும் என்பதே தலைகீழாக இருக்கிறது. ஸ்டீராய்டு இன்ஹேலரினால் ஒரு தீங்கும் இல்லையென்று சொல்லிவிடவும் கூடாது. அமெரிக்காவில் பிள்ளைகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியொன்றின் முடிவு 2012-இல் வெளியானது. பூடசோனைடு எடுத்தவர்கள் வளர்ந்து ஆளானபோது சராசரி 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்தார்கள். அரை அங்குலத்திற்கும் குறைவு. தாயிடம் இதை மறைக்காமல் சொல்லி, மூச்சுக்காகத் திணறுகிற இரவுகளை மறு தட்டில் வைத்துக் காட்டுகிற டாக்டரைத்தான் ஜனங்கள் நம்புகிறார்கள் என்பது நான் கண்டறிந்தது.

ஆனால் குற்றம் முழுவதையும் தாய்மார்மேல் சுமத்துவது நியாயம் அல்ல. ஒரே பிள்ளையை நான்கு வாசலுக்குக் கொண்டுபோனால் நான்கு பெயர் கிடைக்கிறது. ஓரிடத்தில் "அலர்ஜி" என்பார்கள். ஓரிடத்தில் "வீசிங்" என்று சொல்லி, நெபுலைசரில் பத்து நிமிஷம் ஆவி பிடிக்கவைத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அடுத்த மாதம் மறுபடி அதே ஆவி. இன்னொரு இடத்தில் ஆன்டிபயாடிக் மாத்திரம். தமிழ்நாட்டில் "பிரைமரி காம்ப்ளெக்ஸ்" என்ற வார்த்தையைக் கேளாத வீடு உண்டா? பிள்ளைகளுக்கு வருகிற காசநோய் மெய்யான வியாதிதான், அலட்சியம் செய்யக்கூடாது. ஆனால் சரியான பரிசோதனையில்லாமல், விடாத இருமலுக்கெல்லாம் அந்தப் பெயரை வைத்து ஆறுமாத மருந்து விழுங்கவைக்கப்பட்ட ஆஸ்துமாப் பிள்ளைகள் அநேகர். "ஆஸ்துமா" என்கிற சொல்லைச் சொன்னால் தாய் அழுவாள், வேறு டாக்டரிடம் போய்விடுவாள் என்பதற்காகவே சொல்லாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். பெயரே சொல்லாத வியாதிக்குத் தினமும் மருந்து எடு என்றால் யார்தான் எடுப்பார்கள்?

இது நம் தேசத்துக்கு மாத்திரம் உரிய குறை என்று எண்ணவேண்டாம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள சின்சினாட்டி நகரத்தில் பெயர்பெற்ற குழந்தைகள் மருத்துவமனை ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றிலும் தனித்தனியாகத் தொழில் நடத்துகிற 44 குழந்தை மருத்துவக் கிளினிக்குகள் அதோடு ஓர் இணைப்பாகச் சேர்ந்திருந்தன. அவற்றின் பராமரிப்பில் ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் ஏறக்குறைய 13,000 பேர். 2003-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று காரியம் நடந்திருக்கிறதா என்று பார்ப்பது: வியாதி எவ்வளவு கடுமை என்று மதிப்பிட்டு எழுதியிருக்கிறதா, தேவைப்படுகிற பிள்ளைக்குத் தடுப்பு மருந்து கொடுத்திருக்கிறதா, எப்போது என்ன செய்யவேண்டும் என்று எழுதின சீட்டு பெற்றோர் கையில் இருக்கிறதா. மூன்றும் இருந்தால் மாத்திரமே அதற்குப் "பூரண பராமரிப்பு" என்று பெயர். மூன்றில் இரண்டு செய்திருந்தால் மூன்றில் இரண்டு பங்கு மதிப்பெண் கிடையாது, பூஜ்யம்தான். (இப்படி மார்க் போட்டிருந்தால் செமினரியில் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் தேறியிருக்க மாட்டோம்.)

தொடக்கத்தில் அந்தப் பூரண பராமரிப்பு கிடைத்த பிள்ளைகள் நூற்றுக்கு 4 பேர். எத்தனை வசதி, எத்தனை படிப்பு, எத்தனை மருந்து உள்ள நகரம் அது! நூற்றுக்கு நாலு. அந்த டாக்டர்கள் யாரும் கெட்டிக்காரத்தனம் குறைந்தவர்கள் அல்லர். அவரவர் தனித்தனியே இரண்டு காரியம் செய்திருப்பார். மூன்றாவது, அன்றைய கூட்டத்தில் விட்டுப்போயிருக்கும். விட்டுப்போனது அவருக்கே தெரியாது, எண்ணிப் பார்க்கிறவர் யாரும் இல்லாதபடியால்.

அவர்கள் செய்தது பெரிய அதிசயம் ஒன்றும் அல்ல. ஆஸ்துமாப் பிள்ளைகளின் பெயர்களை ஒரே பதிவேட்டில் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கிளினிக்கிலும் இந்த வேலைக்கென்று ஒரு சிறு குழுவை ஏற்படுத்தினார்கள். எந்தக் கிளினிக் எத்தனை பிள்ளைகளுக்கு மூன்றையும் செய்தது என்கிற கணக்கை ஒருவர் மற்றவரோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி வெளிப்படையாய் வைத்தார்கள். தன் கிளினிக் கடைசியில் நிற்கிறதைக் காண எந்த டாக்டருக்குத்தான் மனம் வரும்! 2006 நவம்பருக்குள் நூற்றுக்கு 4 என்பது 88 ஆயிற்று. 44-இல் 18 கிளினிக்குகள் நூற்றுக்கு 95-ஐயும் தொட்டன அல்லது தாண்டின. ஆஸ்துமாப் பிள்ளைகளுக்கு அவசியமான ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் 22 சதவிகிதத்திலிருந்து 41-க்கும், பிறகு 62-க்கும் உயர்ந்தார்கள். நன்றாய்ச் செய்த கிளினிக்குகளுக்குக் கூடுதல் கட்டணம் என்று ஊக்கமும் இருந்தது. ஆனாலும் 2007-இல் இந்த முயற்சியைப்பற்றி எழுதின இருவர், பணத்தூண்டுதல் மாத்திரம் தரத்தை உயர்த்திவிடாது என்பதையே தங்கள் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார்கள். அவர்களில் ஒருவர் இந்தியாவில் மருத்துவம் படித்துப் போன டாக்டர் உமா கோட்டகல்.

அந்தச் சீட்டைப்பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனெனில் மூன்றிலும் மலிவானது அது, முதலில் விட்டுப்போவதும் அது. ஒரே ஒரு தாள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தெருவிலுள்ள சிக்னலைப்போல மூன்று பகுதிகள். பச்சை: பிள்ளை நன்றாயிருக்கிறது, தினசரி மருந்து மாத்திரம். மஞ்சள்: இரவில் இருமல், ஓடினால் இழுப்பு, எந்த இன்ஹேலரை எத்தனை முறை, எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்ப்பது. சிவப்பு: உடனே புறப்படு. பிரிட்டனில் ஆஸ்துமாவினால் நேர்ந்த 195 மரணங்களை ஒவ்வொன்றாய் ஆராய்ந்து 2014-இல் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களில் 28 பேர் பிள்ளைகளும் இளைஞரும். இப்படி ஒரு சீட்டு கொடுக்கப்பட்டதாகப் பதிவு இருந்தது நான்கில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே. ஏறக்குறைய பாதிப்பேர் வைத்திய உதவி தேடாமலோ, அவசர உதவி வந்துசேருமுன்னோ இறந்தார்கள். சாகுமுன் ஒரு வருஷத்தில் பன்னிரண்டுக்கு அதிகமான சால்புட்டமால் இன்ஹேலர்களை வாங்கித் தீர்த்தவர்களும் அநேகர் இருந்தார்கள். பாத்திரத்தின்மேல் பாத்திரமாய் வைத்தார்களேயன்றி, கூரையை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. மருந்துக்கடைக்காரர் ஒருவர் எண்ணியிருந்தாலும் கண்டுபிடித்திருக்கலாம்.

இனி, மெஷினைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். நெபுலைசர் பார்வைக்கு நன்றாயிருக்கும். புகை வரும், சத்தம் வரும், நன்கொடையாளர் பெயரை ஒட்ட இடமும் இருக்கும். அதற்கு வேலை இல்லையென்று சொல்லவில்லை. மிகவும் கடுமையான நிலையில் வருகிற பிள்ளைக்கு ஆக்சிஜனோடு சேர்த்துக் கொடுக்க அது தேவைப்படும். ஆனால் மற்றப் பிள்ளைகளுக்கு, இன்ஹேலரோடு ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குடுவையைப் பொருத்திக் கொடுத்தால் நெபுலைசருக்குச் சமமான பலன் கிடைக்கிறது என்று பல ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. நாடித்துடிப்பு குறைவாய் ஏறுகிறது. அவசரப் பிரிவில் தங்குகிற நேரமும் குறைகிறது. 1999-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டாக்டர் ஹெதர் ஸாரும் அவரோடு வேலை செய்தவர்களும் இன்னும் ஒரு படி போனார்கள். 500 மில்லி குளிர்பான பாட்டிலின் அடியில் துளை போட்டு, இன்ஹேலரைச் செருகி, இடைவெளியை அடைத்து, இழுப்போடு வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடையில் விற்கிற ஸ்பேசருக்கு அது எள்ளளவும் குறையவில்லை. தெர்மோகோல் கப்பையும் சோதித்தார்கள். அது அவ்வளவாய்ப் பலிக்கவில்லை.

ஆகவே பணம் எங்கே தேவைப்படுகிறது என்றால், ஒரு நர்ஸின் நேரத்துக்கு. ஒவ்வொரு தாயோடும் பத்து நிமிஷம் உட்கார்ந்து, இன்ஹேலரைக் குலுக்குவது, ஒருமுறைக்கு ஒரே அழுத்தல், ஐந்தாறு மூச்சு, பிறகு அடுத்தது, ஸ்டீராய்டானால் முடிந்தவுடன் வாய் கொப்பளிப்பது என்று காட்டிக்கொடுத்து, தாயையே செய்யச் சொல்லிப் பார்த்து, அடுத்த முறை வரும்போது மறுபடியும் செய்யச் சொல்லிப் பார்க்கிறவர் வேண்டும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் உள்ளே மின்னூட்டம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். இந்தச் சின்னக் காரியத்தைச் சொல்ல நேரமில்லாத கிளினிக்கில் விலையுயர்ந்த மருந்தும் பிளாஸ்டிக்குக்குத்தான் போய்ச் சேருகிறது. நர்ஸின் நேரத்துக்குப் பெயர்ப்பலகை மாட்ட முடியாது என்பது ஒரு குறைதான், ஒத்துக்கொள்ளுகிறேன்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிறவர்களும் இதை வாசித்தால் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு இழுப்பு வந்தால் படுக்கவைக்க வேண்டாம். நேராய் உட்காரவையுங்கள், கூட்டத்தை விலக்குங்கள். பிள்ளைக்கு டாக்டர் எழுதின சீட்டு இருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் சால்புட்டமால் இன்ஹேலரைக் குலுக்கி ஸ்பேசரில் ஓர் அழுத்தல், நான்கு மூச்சு. இப்படி நான்கு அழுத்தல். நான்கு நிமிஷம் பாருங்கள். குறையாவிட்டால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை அதையே திரும்பச் செய்யுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாய்ச் சொல்ல முடியாமற்போனாலும், விலா எலும்புகளின் இடை உள்வாங்கினாலும், உதடு நீலம்பாரித்தாலும் அந்த நான்கு நிமிஷத்துக்கும் காத்திருக்க வேண்டாம், உடனே அழையுங்கள். பிள்ளை சோர்ந்துபோயிருக்கையில் விசில் சத்தம் நின்றுவிட்டால் சுகமாகிவிட்டது என்று எண்ணிவிடாதிருங்கள். சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூட காற்று உள்ளே போகவில்லை என்பதும் அதற்குப் பொருளாகலாம்.