பாகிஸ்தானுக்கு எழுந்து நின்று கைதட்டிய சேப்பாக்கம்: 1999-ல் நடந்தது என்ன?

சென்னை:

இந்தியா-பாகிஸ்தான் மேட்ச் என்று டி.வி.யில் விளம்பரம் ஓட ஆரம்பித்தாலே போதும், திருவல்லிக்கேணி டீக்கடைகளில் பேச்சு சூடு பிடித்து விடும். மியாண்டட் கடைசி பந்தில் அடித்த சிக்சரில் தொடங்கி விராட் கோலி வரை வரும். நடுவில் யாராவது ஒரு பெருசு, "அதெல்லாம் விடுப்பா, 99-ல நம்ம சேப்பாக்கத்துல நடந்தது தெரியுமா?" என்று கேட்டால் அத்துடன் மற்ற பேச்சு எல்லாம் காலி.

2025-ம் ஆண்டு ஆசிய கோப்பைக்கு பிறகு இந்தப் பேச்சு மறுபடியும் கிளம்பி இருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரலில் பகல்காம் தாக்குதல் நடந்ததால், செப்டம்பரில் துபாயில் மோதியபோது இந்திய வீரர்கள் பாகிஸ்தான் வீரர்களுடன் கை குலுக்கவில்லை. இறுதிப்போட்டியில் ஜெயித்த பிறகும் பாகிஸ்தான் கிரிக்கெட் வாரியத் தலைவர் கையால் கோப்பையை வாங்க மறுத்தனர். அது சரியா, தப்பா என்று இன்னும் சண்டை நடக்கிறது. இப்படி இருக்கும்போது, தோற்ற பிறகும் பாகிஸ்தானுக்கு ஊரே எழுந்து நின்று கைதட்டியது என்றால் இளவட்டங்களுக்கு நம்ப முடியவில்லை. "சும்மா கதை விடாதீங்க அண்ணே" என்கிறார்கள்.

கதை இல்லை. நடந்தது தான்.

டெல்லியில் பிட்ச் தோண்டினார்கள்

பாகிஸ்தான் அணி டெஸ்ட் விளையாட இந்தியா வந்து அப்போது 12 ஆண்டுகள் ஆகி இருந்தது. 1998 மே மாதம் இரண்டு நாடுகளும் அணுகுண்டு சோதனை நடத்தி இருந்தன. அந்த சூட்டில் 1999 ஜனவரியில் சுற்றுப்பயணம் என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. சிவசேனா கட்சியினர் டெல்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்துக்குள் புகுந்து பிட்சையே தோண்டிப் போட்டனர். அங்கே நடக்க வேண்டிய முதல் டெஸ்ட் சென்னைக்கு மாற்றப்பட்டது. பலத்த போலீஸ் பாதுகாப்புடன் ஜனவரி 28-ந் தேதி சேப்பாக்கத்தில் ஆட்டம் தொடங்கியது.

பாகிஸ்தான் முதலில் 238 ரன். கும்ப்ளே 6 விக்கெட். இந்தியா 254 ரன். நம்ம ஊர் பையன் சடகோபன் ரமேசுக்கு அது தான் முதல் டெஸ்ட், 43 ரன் எடுத்தார். தெண்டுல்கர் 3 பந்தில் டக் அவுட். அவரை தூக்கியது சக்லைன் முஷ்டாக். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், கடைசியில் மறுபடியும் வருவார்.

இரண்டாவது இன்னிங்சில் அப்ரிடி 141 ரன் விளாசினார். ஒரு நாள் போட்டியில் மட்டும் தான் அடிப்பார் என்று பேசியவர்கள் வாயடைத்துப் போனார்கள். பாகிஸ்தான் 4 விக்கெட்டுக்கு 275 என்று இருந்தபோது வெங்கடேஷ் பிரசாத் வந்தார். 18 பந்துகளில் ஒரு ரன் கூட கொடுக்காமல் 5 விக்கெட்! பாகிஸ்தான் 286 ரன்னில் சுருண்டது. இந்தியாவுக்கு இலக்கு 271.

82-க்கு 5

சேப்பாக்கத்தில் நாலாவது இன்னிங்சில் 271 என்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பிட்ச் வெடித்து பந்து திரும்பும். ஸ்கோர் 6 ரன்னில் இருக்கும்போதே ரமேஷ், லட்சுமண் இருவரையும் வக்கார் யூனிஸ் அனுப்பி விட்டார். மறுநாள் ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. டிராவிட், அசாருதீன், கங்குலி வரிசையாக கிளம்ப, 82 ரன்னுக்கு 5 விக்கெட் காலி.

அப்போது தெண்டுல்கருடன் விக்கெட் கீப்பர் மோங்கியா சேர்ந்தார். இரண்டு பேரும் 136 ரன் சேர்த்தனர். தெண்டுல்கருக்கு முதுகு வலி வேறு. வலி தாங்காமல் குனிந்து நிமிர்ந்து, மறுபடி நின்று ஆடினார். மோங்கியா 52 ரன்னில் அவுட் ஆனார். முதுகு ஒத்துழைக்காது என்று தெரிந்ததால் தெண்டுல்கர் சீக்கிரம் முடிக்கப் பார்த்தார், பவுண்டரியாக அடித்தார். ஸ்கோர் 6 விக்கெட்டுக்கு 254. இன்னும் 17 ரன் எடுத்தால் போதும். கையில் 4 விக்கெட். ஜெயிச்சாச்சு என்று தான் எல்லோரும் நினைத்தார்கள்.

அந்த ஒரு பந்து

இங்கே கொஞ்சம் விவரமாக சொல்ல வேண்டும். சாதாரண ஆப்-ஸ்பின்னர் போடும் பந்து, வலது கை பேட்ஸ்மேனுக்கு வெளியே குத்தி உள்ளே திரும்பும். சக்லைன் கையில் இன்னொரு சரக்கு இருந்தது. கை அசைவு அதே மாதிரி தான் தெரியும், ஆனால் பந்து குத்தி வெளியே போகும். அதுதான் தூஸ்ரா. உருது, இந்தியில் 'ரெண்டாவது, இன்னொண்ணு' என்று அர்த்தம். ஸ்டம்புக்கு பின்னால் நின்று கீப்பர் மொயின் கான், "அந்த இன்னொண்ணை போடு" என்று கத்திக் கத்தியே இந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள்.

தெண்டுல்கர் தூக்கி அடிக்கப் போனார். பந்து உள்ளே வரும் என்று பேட்டை சுழற்றினார். அது தூஸ்ரா. வெளியே திரும்பி பேட்டின் முன் விளிம்பில் பட்டு மேலே போனது. லெக் சைடில் போக வேண்டிய பந்து ஆப் சைடில் ஏறியது. மிட்-ஆப்பில் கேப்டன் வாசிம் அக்ரம் கீழே நின்று பிடித்தார். தெண்டுல்கர் 136, சக்லைன் பந்துவீச்சு.

ஸ்டேடியத்தில் மயான அமைதி. பிறகு கும்ப்ளே எல்.பி.டபிள்யூ., ஜோஷி சக்லைனிடமே கேட்ச், ஸ்ரீநாத் போல்டு. கடைசி 4 விக்கெட் 4 ரன்னில் போனது. இந்தியா 258 ஆல் அவுட். 12 ரன்னில் பாகிஸ்தான் வெற்றி. சக்லைனுக்கு இரண்டு இன்னிங்சிலும் ஐந்து ஐந்தாக 10 விக்கெட். ஆட்ட நாயகன் தெண்டுல்கர் தான், ஆனால் விருதை வாங்க அவர் வெளியே வரவில்லை. டிரெசிங் ரூமில் அழுது கொண்டிருந்தார்.

எழுந்து நின்ற கூட்டம்

முதலில் யாருக்கும் என்ன செய்வது என்றே தெரியவில்லை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு பக்கம் கைதட்டல் கிளம்பியது. அது கேலரி கேலரியாகப் பரவி எல்லோரும் எழுந்து நின்று விட்டார்கள். அக்ரம் தன் வீரர்களை அழைத்துக் கொண்டு மைதானத்தை சுற்றி ஓட, சேப்பாக்கம் நின்றபடியே கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்களே இதை எதிர்பார்க்கவில்லை. பல ஆண்டுகள் கழித்தும் அக்ரம் பேட்டிகளில் சென்னையைப் பற்றி நெகிழ்ந்து பேசி வருகிறார்.

(அன்றைக்கு நான் ஸ்டேடியத்தில் இருந்தேன் என்று இப்போது சொல்கிறவர்களை எல்லாம் எண்ணிப் பார்த்தால், சேப்பாக்கத்துக்கு பக்கத்தில் இன்னொரு ஸ்டேடியம் கட்டினாலும் இடம் பத்தாது. அது வேற விஷயம்.)

ஏன் தட்டினார்கள்? "நமக்கு பார்டர் தூரம், அதான் கோபம் கம்மி" என்று ஒரு கட்சி சொல்கிறது. இதில் பாதி தான் உண்மை. இங்கே 1934-ல் இருந்து டெஸ்ட் நடக்கிறது. இங்கிலாந்தை வென்று இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் 1952-ல் இதே மைதானத்தில் தான். 1986-ல் ஆஸ்திரேலியாவுடன் 'டை' ஆன டெஸ்டையும் இந்த ஊர் பார்த்து விட்டது. டிபன் பாக்சில் புளியோதரை கட்டிக் கொண்டு நாள் முழுக்க வெயிலில் உட்காருகிறவனுக்கு நல்ல பந்து எது என்று தெரியும். நாலு நாள் பக்கத்தில் இருந்து பார்த்தவன், சக்லைன் எப்படி உழைத்தார் என்பதையும் பார்த்தான்.

அது முதல் தடவையும் இல்லை. 1997 மே 21-ந் தேதி இதே சேப்பாக்கத்தில் சயீத் அன்வர் நம்ம பந்துவீச்சை பிரித்து மேய்ந்து 194 ரன் குவித்தார். விவியன் ரிச்சர்ட்சின் 189 ரன் உலக சாதனை அன்று தான் உடைந்தது. வெயிலில் சோர்ந்து போய் ரன்னர் வைத்துக் கொண்டு ஆடினார், ரன்னராக ஓடியது அப்ரிடி. அன்றும் கூட்டம் கைதட்டியது.

அதே 1999 பிப்ரவரியில் கொல்கத்தாவில் நடந்ததையும் பாருங்கள். சோயிப் அக்தர் மீது மோதி தெண்டுல்கர் ரன்-அவுட் ஆக, கேலரியில் கலவரம். கடைசியில் ரசிகர்களை போலீசார் வெளியேற்றி, காலி ஸ்டேடியத்தில் ஆட்டத்தை முடித்தார்கள். ஜெயித்தது பாகிஸ்தான் தான், கைதட்ட ஆள் இல்லை. அடுத்த சில மாதங்களில் கார்கில் போரும் வந்து விட்டது.

"சச்சின் முடிக்க மாட்டார்"

டீக்கடை சண்டையின் இன்னொரு பாதி இது. "136 அடிச்சு என்ன பிரயோஜனம், முடிச்சு குடுத்தாரா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். அந்த இன்னிங்சில் தெண்டுல்கர், மோங்கியா தவிர வேறு யாரும் 10 ரன்னை தாண்டவில்லை என்பதை அவர்கள் வசதியாக மறந்து விடுவார்கள். 17 ரன் எடுக்க பின்னால் 4 விக்கெட் இருந்தது. பழி மட்டும் ஒரே ஆள் தலையில் விழுந்தது. அந்த ஷாட் தேவையா என்று கேட்கலாம், அது நியாயமான கேள்வி. அவரால் தான் தோற்றோம் என்பது அநியாயம்.

இதற்கு பதில் வர 9 ஆண்டுகள் ஆனது. மும்பை தாக்குதல் முடிந்து மூன்று வாரம் கூட ஆகாத நிலையில், 2008 டிசம்பர் 15-ந் தேதி, இதே சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக இலக்கு 387. தெண்டுல்கர் கடைசி வரை நின்றார். கடைசி பந்தை பவுண்டரிக்கு அனுப்பி ஆட்டத்தையும் முடித்தார், தன் சதத்தையும் முடித்தார். 103 நாட் அவுட். கூட நின்றவர் யுவராஜ்சிங், 85 நாட் அவுட்.

1999-க்கு பிறகு சேப்பாக்கத்தில் இந்தியா-பாகிஸ்தான் டெஸ்ட் நடக்கவே இல்லை. இரண்டு நாடுகளும் எந்த ஊரிலும் டெஸ்ட் ஆடியதே 2007 டிசம்பரோடு சரி. 2012 டிசம்பர் 30-ந் தேதி ஒரு நாள் போட்டிக்கு பாகிஸ்தான் இங்கே வந்தது. 29 ரன்னுக்கு 5 விக்கெட் போன நிலையில் டோனி 113 நாட் அவுட் அடித்தும் பாகிஸ்தான் ஜெயித்தது. 2023 உலக கோப்பையில் பாகிஸ்தானுக்கு இங்கே இரண்டு ஆட்டம். ஆப்கானிஸ்தானிடம் 8 விக்கெட்டிலும், தென்ஆப்பிரிக்காவிடம் ஒரே ஒரு விக்கெட்டிலும் தோற்றுப் போனார்கள். அந்த இரண்டு ஆட்டத்திலும் எதிரில் இந்தியா இல்லை.