மசாலாத் தூள் நிரப்பும் இயந்திரம்: கடன் வாங்குமுன் கணக்குப் பாருங்கள்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கிள்ளான், காப்பார், பந்திங் வட்டாரங்களில் பல வீடுகளிலிருந்து மிளகாய் வறுக்கும் நெடி தெருவரை வந்துவிடும். தோட்டத்துக் காலத்தில் பாட்டி கைக்கணக்கில் போட்ட கலவைதான் இன்று கோழிக்கறித் தூள், மீன்கறித் தூள், ரசப்பொடி என்று லேபிள் ஒட்டிய பாக்கெட்டாக பிரிக்ஃபீல்ட்ஸ், ஜாலான் தெங்கு கிளானா கடைகளுக்கும் வாட்ஸ்அப் வாடிக்கையாளர்களுக்கும் போகிறது. பாபாஸ், அலகப்பாஸ் போன்ற பெரிய பெயர்கள் உள்ள சந்தையில் இந்தச் சிறு தொழில்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது.

ஆர்டர் கூடக் கூட, கரண்டியால் அள்ளி ஒவ்வொரு பாக்கெட்டாக நிறுத்துப் போடுவது தோள்பட்டையைப் பதம் பார்க்கும். அந்த நேரத்தில்தான் கைப்பேசியில் ஒரு விளம்பரம் வரும்: பொத்தானை அழுத்தினால் போதும், 100 கிராம் தூள் தானாக விழும். உடனே கடன் வாங்கி இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவரத் தோன்றும். தவறான இயந்திரம் வந்து சேர்ந்தால், அது மூலையில் துணி மூடிக் கிடக்கும். தவணை மட்டும் மாதா மாதம் ஓடும்.

முதலில் நேரக் கணக்கு

மாதம் 1,000 பாக்கெட், ஒவ்வொன்றும் 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கையால் நிறுக்க ஒரு பாக்கெட்டுக்கு அரை நிமிடம் என்றால், மொத்தம் 500 நிமிடம். அதாவது மாதத்தில் ஒரு நாள் வேலை. வறுப்பது, அரைப்பது, சீல் வைப்பது, லேபிள் ஒட்டுவது எல்லாம் இதற்கு வெளியே. நிரப்பும் இயந்திரம் இந்த ஒரு நாளைத்தான் குறைக்கும். மற்ற நாள்களைத் தொடாது. மாதம் 5,000 பாக்கெட் போடுபவருக்கு அதே வேலை ஏறக்குறைய 42 மணி நேரம் ஆகிவிடும். அங்கே இயந்திரத்துக்கு நியாயம் உண்டு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. குறைந்துவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 3 கிராம் கூடுதலாகப் போட்டால், 1,000 பாக்கெட்டுக்கு 3 கிலோ தூள் இலவசமாகப் போகிறது. கிலோ 30 ரிங்கிட் என்று வைத்தால் மாதம் 90 ரிங்கிட், வருடத்துக்கு 1,080 ரிங்கிட். இந்த நஷ்டத்தை நிறுத்த இயந்திரம் தேவையில்லை. ஒரு நல்ல தராசு போதும்.

தராசுக்கு முத்திரை வேண்டும்

கேக் செய்யப் பயன்படுத்தும் சமையலறைத் தராசில் நிறுத்து விற்பது சரியல்ல. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு எடை, அளவுச் சட்டத்தின்படி, வியாபாரத்துக்குப் பயன்படும் தராசு சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். ஆண்டுதோறும் மறுபடி சரிபார்க்க வேண்டும். இதைக் கண்காணிப்பது உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு. தராசு வாங்கும்போதே "இதற்கு வியாபார முத்திரை வாங்க முடியுமா?" என்று கேட்டுவிடுங்கள்.

பையின் எடையையும் மறக்கக் கூடாது. லேபிளில் எழுதும் நிகர எடை தூளின் எடை மட்டுமே. காலிப் பையைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கிவிட்டு நிறுக்க வேண்டும்.

நகைக்கடையில் தங்கம் நிறுக்கும் தராசைக் கவனித்திருப்பீர்கள். அது கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும். மின்விசிறிக் காற்று பட்டாலே எண் ஆடும் என்பதுதான் காரணம். மசாலாவுக்கு அவ்வளவு நுட்பம் வேண்டாம். ஆனாலும் ஆடாத மேசை, காற்று நேரே படாத இடம் இரண்டும் அவசியம். நிரப்பும் இயந்திரத்துக்குள் இருக்கும் தராசுக்கும் இதே விதிதான்.

சந்தையில் என்னென்ன வகை?

முதல் வகை, அதிர்வில் இயங்குவது. மேசைமேல் வைக்கும் சிறிய இயந்திரம், விலையும் குறைவு. மேலே தொட்டி, அதன் கீழே அதிரும் தட்டு, அதற்கும் கீழே எடை பார்க்கும் கிண்ணம். எடை நிறைந்ததும் அதிர்வு நின்று, கிண்ணம் திறந்து தூள் பைக்குள் விழும். தேயிலை, கடுகு, சீரகம், சீனி போன்று உருண்டு ஓடும் பொருளுக்கு இது நன்றாக வேலை செய்யும். எண்ணெய்ப் பசையும் நைசும் உள்ள மிளகாய்த் தூள் தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு கட்டியாகச் சரிந்து ஒரேயடியாக விழும்.

இரண்டாவது, திருகு வகை. கூம்புத் தொட்டியின் நடுவே ஒரு திருகு சுழன்று தூளைக் கீழே தள்ளும். தூள் பாலம் கட்டி நிற்காதபடி பக்கத்தில் ஒரு கிளறியும் சுற்றும். நைசான தூளுக்கு ஏற்றது இதுதான். ஆனால் இது எடை பார்ப்பதில்லை. எத்தனை சுற்று என்று மட்டுமே எண்ணும். இன்று அரைத்த தூள் நேற்றையதைவிட நைசாக இருந்தாலோ, மழை நாளில் ஈரம் ஏறியிருந்தாலோ, அதே சுற்றுக்கு எடை மாறிவிடும். அதனால் புதிதாக அரைக்கும் ஒவ்வொரு முறையும் சுற்றைத் திருத்தி, இடையிடையே பாக்கெட்டைத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, திருகோடு தராசும் இணைந்தது. பை தராசின்மேல் நிற்க, முதலில் வேகமாகக் கொட்டும். எடை நெருங்கியதும் மெதுவாகச் சிந்தி, சரியான எண்ணில் நிற்கும். விலை கூடுதல், துல்லியமும் கூடுதல்.

இணையத்தில் "தானியங்கி பவுடர் டிஸ்பென்சர்" என்று தேடுவோர் கண்ணில் இன்னொரு கருவியும் படும். அது அமெரிக்கா போன்ற நாடுகளில், சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டில் மறுபடி வெடிமருந்து நிரப்புவோர் பயன்படுத்துவது. கிரெயின் என்ற அளவில், அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை நிறுக்கும்; ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்தான். முதலில் வேகம், பிறகு சொட்டுச் சொட்டாக என்ற அதே உத்திதான் அதிலும். ஆனால் சில கிராம் மணித்தூளுக்காகச் செய்யப்பட்ட அந்தக் கருவி மசாலாவுக்கு உதவாது. நம் நாட்டில் தோட்டா என்பது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது என்பதையும் நினைவில் வையுங்கள். பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் செய்துவிடாதீர்கள்.

உங்கள் தூளை நீங்களே சோதிக்கலாம்

எந்த வகை பொருந்தும் என்று அறிய ஒரு டம்ளர் போதும். தூளைத் தளர்வாக நிரப்பி, மேலே வழித்துவிட்டு நிறுங்கள். பிறகு டம்ளரை மேசையில் 50 தடவை தட்டி, இறங்கிய இடத்தில் தூள் சேர்த்து, மறுபடி வழித்து நிறுங்கள். எடை கொஞ்சம்தான் கூடினால் தூள் நன்றாக ஓடும். கால் பங்குக்கு மேல் கூடினால் அது ஒட்டும் தூள். அதிர்வு இயந்திரத்தை நம்ப வேண்டாம்.

அரைத்த சூட்டோடு நிரப்புவதும் தவறு. சூடான தூள் பைக்குள் வியர்த்துக் கட்டியாகும். தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகே தொட்டியில் கொட்டுங்கள்.

விற்பவரிடம் போகும்போது

உங்கள் தூளையே ஐந்து கிலோ எடுத்துப் போங்கள். அவர்கள் வைத்திருக்கும் உப்பிலோ சீனியிலோ காட்டும் செயல்விளக்கத்தை ஏற்காதீர்கள். 30 பாக்கெட் நிரப்பச் சொல்லி, ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்து எழுதுங்கள்.

இங்கே சராசரியைப் பார்த்து ஏமாறக் கூடாது. சராசரி 100 கிராம் என்று வந்தாலும், பாக்கெட்டுகள் 94க்கும் 106க்கும் இடையே ஆடினால் அந்த இயந்திரத்தால் பயனில்லை. எந்தப் பாக்கெட்டும் 100க்குக் குறையாமல் இருக்க, அதை 106இல் வைக்க வேண்டிவரும். அப்போது கையால் போட்டபோது இழந்த 3 கிராம், 6 கிராமாகிவிடும்.

மேலும் சில கேள்விகள்: தூள் படும் பாகங்கள் உணவுக்குரிய 304 வகை துருப்பிடிக்காத எஃகா? திருகையும் தொட்டியையும் கருவிகள் இல்லாமல் கழற்றிக் கழுவ முடியுமா? வீட்டு சிங்கிள் ஃபேஸ் மின்சாரத்தில் ஓடுமா? பழுதானால் பாகம் எங்கிருந்து வரும், எத்தனை நாளில் வரும்? மீன்கறித் தூள் ஓடிய தொட்டியில் சரியாகக் கழுவாமல் ரசப்பொடியைப் போட்டால், வாடிக்கையாளரின் நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. காற்றில் மிதக்கும் நைசான மசாலாத் தூள் தீப்பிடிக்கக்கூடியது. நிரப்பும் இடமும் கேஸ் அடுப்பும் ஒரே அறையில் வேண்டாம். முகக்கவசம் அணியுங்கள்.

சட்டமும் கடனும்

உணவு தயாரிக்கும் இடத்தை, 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி சுகாதார அமைச்சில் பதிய வேண்டும். உணவைக் கையாள்வோர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் கட்டாயம். லேபிளில் விவரங்கள் மலாய் மொழியில் இருக்க வேண்டும்; கூடவே தமிழும் இருக்கலாம். அமைச்சின் மெஸ்தி சான்றிதழ் கையில் இருந்தால் பெரிய கடைகளிடம் பேசுவது எளிது. பணம் இருந்தால் இயந்திரத்துக்கு முன் இவற்றுக்குச் செலவழிப்பதே மேல்.

கடன்தான் வழி என்றால் வட்டிக்காரரிடம் போகுமுன், இந்தியத் தொழில்முனைவோருக்கான தெக்குனின் ஸ்புமி திட்டத்தையும், பெண்களுக்கான அமானா இக்தியாரின் 'பெண்' திட்டத்தையும் நேரில் விசாரியுங்கள். தீபாவளி மாத விற்பனையை வைத்துத் தவணையை முடிவு செய்யாதீர்கள். விற்பனை மந்தமான மாதத்திலும் கட்ட முடிகிற தொகைதான் உங்கள் தவணை.

மாதம் ஆயிரம் பாக்கெட் வரை முத்திரையிட்ட தராசும் நல்ல சீல் இயந்திரமும் போதும். அதற்கு மேல் தொழில் நிலையாக வளர்ந்து, தூளும் ஒரே நைசில் வரத் தொடங்கியபின் திருகு இயந்திரத்தைப் பாருங்கள். பாட்டியின் கைப்பக்குவத்தை நம்பித்தான் வாடிக்கையாளர் வருகிறார். சரியான எடை இருந்தால்தான் அவர் மறுபடியும் வருவார்.