மலை வாசத்துக்கு ஒரு ஜாகை

கோடை பிறந்துவிட்டால் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு மகாநாடு கூடுகிறது. எந்த மலைக்குப் போவது என்ற முதல் தீர்மானம் ஐந்து நிமிஷத்தில் நிறைவேறிவிடும். "கொடைக்கானல்!" என்று குழந்தைகள் கோஷமிட்டால் பெரியவர்கள் ஆட்சேபிப்பதில்லை. எங்கே தங்குவது என்ற இரண்டாவது தீர்மானத்தில்தான் கட்சிகள் பிரிகின்றன. தகப்பனாருக்கு வாடகையைப் பற்றிக் கவலை. தாயாருக்கு வெந்நீரைப் பற்றி. பாட்டிக்குப் படிகளைப் பற்றி. பையன்களுக்கோ ஏரியைத் தவிர வேறு கவலையே கிடையாது. கடைசியில் யாரோ ஒருவர் டெலிபோனில் அழகான படம் ஒன்றைப் பார்த்து முன்பணத்தை அனுப்பிவிடுகிறார். மகாநாடு கலைகிறது.

படத்தில் ஏரி தெரியும். ஏரிக்கும் அறைக்கும் நடுவில் உள்ள நூற்றிருபது படிகள் தெரியா. ஆகையால், எந்த விடுதிக்கும் சிபார்சுக் கடிதம் கொடுக்காமல், விடுதியைப் பரீட்சிக்கும் முறையை மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறோம். அதற்கு அடிப்படையான விதி ஒன்றே. குடும்பத்தில் மிகவும் மூத்தவரும் மிகவும் சிறியவரும் இரவில் அச்சமின்றித் தூங்கக்கூடிய இடம் எதுவோ, அதுவே நல்ல விடுதி. மற்றவர்கள் எங்கும் தூங்கிவிடுவார்கள்.

யாருக்காக ஏற்பட்ட மலை?

கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. 1845-ஆம் வருஷம் அமெரிக்கப் பாதிரிமார்கள் அங்கே முதல் பங்களாக்களைக் கட்டிக் கொண்டார்கள். மதுரைக் கலெக்டராயிருந்த ஸர் வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடைக்கு அணை போட்டு நட்சத்திர வடிவமான ஏரியை உண்டாக்கினார். மோட்டார் சாலை ஏற்படுமுன், வெள்ளைக்காரத் துரைமார்களும் துரைசானிகளும் நாற்காலிகளிலும் டோலிகளிலும் மேலே போனார்கள். அவற்றைத் தோளில் சுமந்து ஏறியவர்கள் நம்மவர்கள். ஆங்கிலேயருக்கு மலை ஓய்வு தந்தது. நம்மவருக்குத் தோள்வலி தந்தது.

இன்று அந்த மலை நம்முடையது. பள்ளிக்கூட உபாத்தியாயரும் தபால் குமாஸ்தாவும் குடும்பத்துடன் ஏரிக்கரையில் நடப்பதைப் பார்க்கும்போது மனம் குளிர்கிறது. ஆனால் ஒரு பொருள் நமக்குச் சொந்தமாகிவிட்டால் அதைக் காக்கும் பொறுப்பும் கூடவே வந்துவிடுகிறது. விடுதியைத் தேர்ந்தெடுப்பதிலும் அந்தப் பொறுப்பு இருக்கிறது என்பதைப் பின்னால் சொல்லுவோம்.

மூன்று வகை ஜாகைகள்

கொடைக்கானலில் தங்கும் இடங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஏரிக்கரை. ஏரியைச் சுற்றிச் சுமார் 5 கிலோமீட்டர் சமதளமான சாலை. பாட்டியும் நடக்கலாம், பேரனும் சைக்கிள் விடலாம். கடைவீதியும் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் குளிர்ந்த காற்று பள்ளத்தை நாடித் தங்குவது இயற்கை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஏரியை ஒட்டிய தாழ்ந்த இடங்களில் உறைபனிகூட விழும். ஆஸ்துமாக்காரர்கள் அந்த மாதங்களில் இதை யோசிக்க வேண்டும். ஸீஸனில் வாடகையும் இரைச்சலும் இங்கேதான் அதிகம்.

இரண்டாவது, மலை விளிம்பு. கோக்கர்ஸ் வாக் பக்கத்தைப் போன்ற இடங்களில் பள்ளத்தாக்கின் காட்சி கண்கொள்ளாது. காற்றும் பலமாக வீசும். ஏற்ற இறக்கங்களும் உண்டு. சிறு குழந்தைகள் உள்ளவர்கள், முற்றத்தின் ஓரத்தில் உறுதியான கைப்பிடிச் சுவர் இருக்கிறதா என்று விசாரிக்காமல் பணம் அனுப்பக் கூடாது.

மூன்றாவது, கிராமம். நகரத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் இருக்கும் பூம்பாறை, படிப்படியான வயல்களும் குழந்தை வேலப்பர் கோயிலும் உள்ள பழைய ஊர். இங்கெல்லாம் விளையும் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்னும் அப்பால் மன்னவனூரில் விசாலமான புல்வெளியும், ஓர் ஏரியும், மத்திய அரசாங்கத்தின் ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணையும் இருக்கின்றன. இப்பக்கங்களில் சில வீட்டுக்காரர்கள் விருந்தாளிகளுக்கு அறை விடுகிறார்கள். வாடகைப் பணம் நேரே உழைப்பாளியின் கைக்குப் போய்ச் சேருகிறது. பட்டணத்துக் குழந்தை பூண்டு எப்படி முளைக்கிறதென்று கண்ணால் பார்க்கிறது. அமைதியை விரும்பும் குடும்பத்துக்கு இதைவிட மேலான இடம் இல்லை. ஆனால் இரவில் குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல் கண்டால் மலைப்பாதையில் நகரத்துக்கு வர வேண்டும். அவசரத்துக்கு வண்டி கிடைக்குமா என்பதை முன்கூட்டியே நிச்சயம் செய்து கொள்ளுதல் அவசியம்.

பேரிஜம் ஏரிக்கரையில் ஜாகை கிடைக்குமா என்று சிலர் தேடுகிறார்கள். அது காட்டிலாகாவின் அனுமதி பெற்றுப் பகலில் பார்த்துத் திரும்ப வேண்டிய இடம். பெரியகுளத்து ஜனங்கள் குடிக்கும் தண்ணீர் அது.

உயிர் காக்கும் கேள்வி

இனிச் சொல்லப் போவதை வாசகர்கள் சற்று நிதானித்துப் படிக்க வேண்டும். மலையில் குழந்தைகளுக்கு உண்மையான அபாயம் குளிரினால் வருவதைக் காட்டிலும், குளிரைப் போக்க நாம் செய்யும் காரியத்தினால் வருவதே பயங்கரமானது.

கதவையும் ஜன்னலையும் இறுகச் சாத்திவிட்டு, கரி போட்ட கணப்புச் சட்டியை அறைக்குள் வைத்துக் கொண்டு படுப்பவர்கள் உண்டு. வெளியே சமைத்து முடிந்த கரி அடுப்பை, 'தணல் வீணாகிறதே' என்று கூடாரத்துக்குள் கொண்டு வருபவர்களும் உண்டு. கரி புகையும்போது கார்பன் மானாக்ஸைடு என்ற விஷ வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சில் சேர்ந்ததும், ரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக் கொள்ளுகிறது. தலை கனக்கும், தூக்கம் வரும், தூங்கினவர் எழுந்திருப்பதில்லை. மலை ஸ்தலங்களில் இவ்விதம் உயிர் போன செய்திகளைப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். காற்றுப் போக்கில்லாத ஸ்நான அறையில் காஸ் வெந்நீர்க் கொதிகலம் எரிந்தாலும் இதே அபாயம்தான்.

ஆகவே விடுதிக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "அறையைச் சூடாக்க என்ன ஏற்பாடு? வெந்நீருக்கு என்ன ஏற்பாடு?" மின்சாரம் என்றால் நல்லது. சுவரோடு கட்டின கணப்பு என்றால் புகைபோக்கி சுத்தமாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். "கரிச் சட்டி கொண்டு வந்து வைக்கிறோம்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வேறு இடம் பார்க்க வேண்டும். நான்கு கனத்த கம்பளிகளும், காலை வெயில் விழும் கிழக்கு ஜன்னலும் எந்தக் கணப்புக்கும் குறைந்தவை அல்ல.

சாப்பாடும் தண்ணீரும்

கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் 7,000 அடி உயரத்தில் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாததன் ரகசியம் இதுதான். சமையலறையுடன் கூடிய வீட்டை அமர்த்துகிறவர்கள் அங்கே பிரஷர் குக்கர் இருக்கிறதா என்று கேட்டுக் கொள்ள வேண்டும். விடுதிச் சாப்பாட்டை நம்புகிறவர்கள், இரவு எட்டு மணிக்குக் குழந்தைக்கு ரசம் சாதமும் காய்ச்சின பாலும் கிடைக்குமா என்று கேட்டால் போதும். அதற்கு மலர்ந்த முகத்துடன் பதில் வருகிற விடுதியில் மற்றச் சௌகரியங்களும் பெரும்பாலும் இருக்கும்.

தண்ணீரைப் பற்றி இரண்டு கேள்விகள். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவுநீர் எங்கே போகிறது? இரண்டாவது கேள்வியைக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள். ஆனால் ஏரியில் கழிவுநீர் கலக்கிறது என்ற புகார் வெகுகாலமாக இருக்கிறது. குழந்தை படகில் போகும் தண்ணீரும், நாம் குளித்துவிட்டு விடும் தண்ணீரும் ஒன்றாகிவிடக் கூடாதல்லவா? சுத்திகரிப்பு ஏற்பாடும், அரசாங்க அனுமதியும், தீயணைப்பு இலாகாவின் சான்றும் உள்ள விடுதிக்கு நூறு இருநூறு ரூபாய் கூடக் கொடுப்பது நஷ்டமாகாது. வாடகை குறைவு என்று சரிவான நிலத்தில் அனுமதியின்றி எழுந்த கட்டிடத்தில் தங்கினால், மலையும் சரியும், நாமும் சரிவோம்.

போகிற காலமும் வழியும்

2024 மே மாதம் முதல் சென்னை ஹைகோர்ட்டு உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டுமென்று ஏற்பட்டது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வாரக் கடைசியில் 6,000 வண்டிகள் என்று கோர்ட்டு வரம்பும் விதித்தது. நம் மலை எத்தனை வண்டிகளைத்தான் தாங்கும்? கொடை ரோடு ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறங்கி, 80 கிலோமீட்டர் பஸ்ஸில் ஏறுகிற குடும்பத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. பஸ்ஸில் குழந்தையை முன் ஆசனத்தில் உட்கார வைத்து, வயிற்றை அரைவாசி காலியாக விட்டு அழைத்துப் போனால் வளைவுகளில் வாந்தி குறையும்.

ஏப்ரல், மே கூட்டத்துக்கு அஞ்சுகிறவர்கள் காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் போகலாம். தூறல் இருக்கும், வாடகை இறங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் சரிவுக்கு இடமுண்டாதலால் அப்போது குழந்தைகளுடன் போகாமலிருப்பதே உசிதம்.

போன இடத்தில் மூன்று காரியங்களை நினைவில் வைக்க வேண்டும். படகில் ஏறுமுன் ஒவ்வொரு குழந்தைக்கும் மிதவைச் சட்டை மாட்ட வேண்டும். இருட்டின பிறகு காட்டெருமைகள் தெருவிலேயே உலாவுமாதலால், குழந்தைகளைத் தனியே வெளியில் விடலாகாது. வீட்டிலிருந்தே செம்பிலோ எவர்சில்வர் கூஜாவிலோ தண்ணீர் கொண்டுபோய், பிளாஸ்டிக் குப்பிகளை மலைக்குக் காணிக்கை செலுத்தாமல் திரும்ப வேண்டும்.

இத்தனை கேள்விகளையும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக் கொண்டு விடுதிக்காரருக்கு டெலிபோன் செய்யுங்கள். கேள்விகளை வீட்டிலுள்ள பெண்மணிகளே கேட்பது விசேஷம். அவர்களிடம் பொய் சொல்லித் தப்புவது கஷ்டம். பொறுமையாகப் பதில் சொல்லுகிறவரின் விடுதியை அமர்த்திக் கொள்ளுங்கள். திரும்பும்போது கிராமத்தில் இரண்டு கட்டு மலைப்பூண்டு வாங்கிக் கொண்டு, அறையைச் சுத்தமாக விட்டுவிட்டு, சௌக்கியமாக ஊர் வந்து சேருங்கள்.