சேதுக் காசு சொல்லும் கதை

தலைமன்னாரிலே தொடங்கும் மணற்றிட்டுகளின் வரிசை தனுஷ்கோடி வரை செல்கின்றது. இதுவே சேது. இப்பெயர் பொறித்த பழைய செப்புக் காசுகள் உள. ஒருபுறம் நிற்கும் மனித உருவம். மறுபுறம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் 'சேது'.

இவற்றை வெளியிட்டோர் யாவர்? இராமநாதபுரத்துச் சேதுபதிகளோ எனும் ஐயம் எழுதல் இயல்பே. ஆனால், கேகாலைப் பகுதியிலே கொட்டகமவிற் கிடைத்த கல்வெட்டொன்று சான்று பகர்கின்றது. சிங்கை நகர் ஆரியனின் வெற்றியைக் கூறும் அத்தமிழ்ப் பாடலின் தலைப்பிலும் 'சேது' என்ற சொல்லே நிற்கின்றது. இக்காசுகள் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளுடையன என 1920இல் சுவாமி ஞானப்பிரகாசர் எழுதினார்.

1560இல் மன்னாரும், 1619இல் யாழ்ப்பாண அரசும் போர்த்துக்கேயர் வசமாயின. அவ்வரசின் அடையாளம் இச்சிறு செம்பிலே எஞ்சியுள்ளது. ஆதலின், மாணவர்களே, பழங்காசு கிடைப்பின் தேய்த்துத் துலக்காதீர்கள், அறிந்தோரிடம் காட்டுங்கள்.