எழுத்தும் தாலியும்

உடுப்பிட்டியிலும் அதனைச் சூழ்ந்த வடமராட்சிக் கிராமங்களிலும் ‘எழுத்து’ என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. விவாகப் பதிவுகாரர் தம் புத்தகத்துடன் பெண் வீட்டுக்கு வருவார். நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்த இடத்தில் மணமகனும் மணமகளும் சாட்சிகளும் கையொப்பமிடுவர். வந்தவர்களுக்குப் பலகாரமும் தேநீரும் வழங்கப்படும். அத்துடன் அன்றைய வைபவம் முடிந்துவிடும். மணமகன் தம் வீட்டுக்குத் திரும்புவார். வெளிநாட்டிலிருந்து வந்தவராயின் அடுத்த வாரமே விமானம் ஏறிவிடுவார். தாலி கட்டும் முகூர்த்தம் ஆறு மாதத்துக்குப் பின்னரோ ஓராண்டுக்குப் பின்னரோ வைக்கப்படும். அதுவரை அவ்விருவரையும் கணவன் மனைவி என்று ஊரார் கருதுவதில்லை. பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். எழுத்து முடிந்தது, கலியாணம் இனித்தான் என்று உற்றார் பேசிக்கொள்வர்.

இலங்கைச் சட்டம் அவ்வாறு கருதவில்லை. 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதிவுகாரர் முன்னிலையில் ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்றுக் கையொப்பமிட்டதும் விவாகம் முற்றுப்பெற்றுவிடுகின்றது. வேறெந்தச் சடங்கும் அதற்கு வேண்டியதில்லை. இதனை மணமக்களுக்குப் பதிவுகாரர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று அச்சட்டத்தின் 35 ஆம் பிரிவு விதிக்கின்றது. இந்த விவாகத்தை நீதிமன்றத் தீர்ப்பினாலன்றி வேறெவ்வாற்றானும் நீக்க இயலாது என்பதும், அவ்வாறு நீக்குமுன் இருவரில் ஒருவர் வேறு விவாகம் செய்தால் இருதார மணம் என்னும் குற்றத்துக்கு ஆளாவார் என்பதும் அவர் கூறவேண்டிய வாசகத்தில் அடங்கும். புகைப்படக்காரரின் அவசரத்துக்கும் பிள்ளைகளின் ஆரவாரத்துக்கும் நடுவே அதனை உற்றுக் கேட்பவர் சிலரே.

ஊரின் எண்ணத்துக்கும் சட்டத்தின் கொள்கைக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாடு, மணமகன் கடல் கடந்து வாழ்பவராக இருக்கும்போது பெருந்தீங்காக முடிகின்றது. உதாரணமாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை ரொறன்ரோ நகரில் வாழ்பவர். பெண்ணை அழைப்பதற்கான விண்ணப்பத்துக்கு விவாகச் சான்றுப் பத்திரம் வேண்டும் என்பதால் எழுத்து முதலில் நடக்கின்றது. சில மாதங்களில் இரு வீட்டாருக்கும் மனத்தாங்கல் ஏற்படுகின்றது. கொடுத்த நகைகள் திரும்புகின்றன, பேச்சு முறிகின்றது. தாலி ஏறவில்லையே, பெண் இன்னும் கன்னிதானே என்று பெற்றோர் ஆறுதல் கொண்டு, வேறொரு வரனைப் பார்த்து, அயலூரில் மற்றொரு பதிவுகாரரிடம் எழுத்தை நடத்திவிடுகின்றனர். அக்கணத்தில் அந்தப் பெண் விவாகமாகாதவள் என்று பொய்க்கூற்றுச் செய்தவளாகின்றாள். முந்திய விவாகம் நீக்கப்படாதிருக்க நடந்த பிந்திய விவாகம் செல்லாது என்று 18 ஆம் பிரிவு கூறுகின்றது. ஆகவே புதிய மாப்பிள்ளைக்கு அவள் சட்டப்படி மனைவியல்லள். ரொறன்ரோவில் இருப்பவரும் விவாகமாகாதவர் என்று சொல்லி அங்கே மணந்தாராயின் அதே குற்றத்துக்கு ஆளாவார். இருவருள் எவரும் வஞ்சனை நினைத்தவரல்லர். எழுத்தை நிச்சயதார்த்தம் என்று எண்ணியதே அவர்கள் செய்த பிழை.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. தாலி கட்டியாயிற்று, ஆனால் பதிவு செய்யவில்லை. ஆதலால் சட்டப்படி விவாகமே இல்லை என்று சிலர், பெரும்பாலும் கடல் கடந்து போன ஆடவர், வாதிப்பர். இதுவும் தவறு. இலங்கையில் பதிவு விவாகத்துக்குச் சிறந்த சான்றேயன்றி, விவாகத்தின் உயிரன்று. வழக்காற்றின்படி முறையாக நடந்த இந்து விவாகத்தை, அது பதியப்படாததாயினும், நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றே வந்துள்ளன. கூறை கொடுத்ததையும் தாலி கட்டியதையும் கண்ட உறவினர், சடங்கை நடத்திய ஐயர் ஆகியோரின் சாட்சியம் கொள்ளப்படும். நெடுநாள் கணவனும் மனைவியுமாகக் கூடிவாழ்ந்து ஊராரால் அவ்வாறே மதிக்கப்பட்டவர்களுக்கு விவாகம் நடந்ததென்றே நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும். உடுப்பிட்டியில் தாலி கட்டிவிட்டுப் போனவர், பிறநாட்டு அலுவலகத்தில் ‘விவாகமாகாதவர்’ என்ற கட்டத்தில் அடையாளமிடும்போது அவர் எழுதுவது பொய்யே. ஆனால் அந்தப் பொய்யை வெளிப்படுத்தும் பாரம் ஊரிலிருக்கும் மனைவியின் தலையில் விழுகின்றது. அவளிடம் சான்றுப் பத்திரம் இல்லை. ஐயர் இறந்திருக்கலாம், போர்க்கால இடப்பெயர்வில் புகைப்படங்கள் அழிந்திருக்கலாம்.

கடல் கடந்த குடும்ப வாழ்வு வடமராட்சிக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலே யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் உத்தியோகம் பார்த்தனர். விடுமுறையில் ஊர் வந்து மணந்து மனைவியை அழைத்துச் சென்றவர் பலர். அங்கொரு குடும்பமும் இங்கொரு குடும்பமுமாக வாழ்ந்தவர் கதையையும் முதியோர் அறிவர். அக்காலத்தில் அந்நாடுகளில் இந்துக்களின் வழக்காற்று விவாகத்துக்கு ஒருதாரக் கட்டுப்பாடு இருக்கவில்லை. சிங்கப்பூரில் 1961 ஆம் ஆண்டின் பெண்கள் சாசனமும், மலேசியாவில் 1976 இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த விவாக, விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டமுமே முஸ்லிம் அல்லாதோருக்கு அந்நிலையை மாற்றின. பழைய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள், இரண்டாந்தாரம் மனச்சாட்சிக்கு மட்டுமே உரிய விடயம் என எண்ணுவதில் வியப்பில்லை. இன்று அதற்குச் சிறை உண்டு.

1983 க்குப் பின் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்றோர் வேறு வகையான சட்டங்களுக்குள் புகுந்தனர். ஒரு நாட்டில் நடந்த விவாகத்தை மற்றொரு நாடு ஏற்பதற்குப் பொதுவான விதியொன்று உண்டு. சடங்கு முறை சரியா என்பதை அது நடந்த இடத்தின் சட்டம் தீர்மானிக்கும். அந்த மனிதருக்கு மணம்புரியும் தகுதி இருந்ததா என்பதை அவர் நிலையாக வாழும் நாட்டின் சட்டம் தீர்மானிக்கும். ஆங்கில நீதிமன்றங்கள் பின்பற்றும் விதி இதுவே. இதனால் விசித்திரமான ஒரு நிலை உண்டாகின்றது. உடுப்பிட்டியில் கட்டிய தாலி இலங்கைச் சட்டப்படி செல்லுபடியாவதால் இங்கிலாந்திலும் செல்லும். அதே மந்திரத்துடன், அதே மேளத்துடன், இலண்டனில் வாடகை மண்டபமொன்றில், விவாகத்துக்கெனப் பதியப்படாத இடத்தில், அதிகாரம் பெற்றவர் எவருமின்றிக் கட்டிய தாலி அங்கு விவாகமாகாது. சமயச் சடங்கு மட்டும் நடந்த ஒரு வழக்கில், அது செல்லாத விவாகம் என்று சொல்வதற்குரிய விவாகமுமன்று என 2020 இல் அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய பெண் கணவனைப் பிரியும்போது மனைவிக்குரிய பங்கைக் கோர இயலாது. பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் அரசாங்க அலுவலர் முன்னிலையில் விவாகம் நடந்த பின்னரே சமயச் சடங்கு நடைபெறலாம் என்பது சட்டம்.

யுத்தகாலத்தில் அகதி நிலை பெற்ற மணமகன் இலங்கைக்குத் திரும்ப இயலாமையால், பெண்ணைச் சென்னைக்கோ திருச்சிக்கோ சிங்கப்பூருக்கோ அழைத்துச் சென்று மணமுடித்தல் வழக்கமாயிற்று. மணமகனின் ஊரறியாத, உறவறியாத இடத்தில் நடக்கும் மணத்தில், அவருக்கு முன்னரே குடும்பம் உண்டா என்று சொல்ல எவரும் இல்லை. அங்குள்ள பதிவு அலுவலர் அவர் கொடுக்கும் கூற்றையே நம்பவேண்டியவராவார்.

இருதார மணத்துக்கு இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 362ஆ பிரிவு ஏழாண்டு வரை சிறையும் குற்றப்பணமும் விதிக்கின்றது. முந்திய விவாகத்தை மறைத்து மணந்தால் அது பத்தாண்டு வரை உயரும். இங்கிலாந்தில் 1861 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏழாண்டு வரையும், கனடாவில் ஐந்தாண்டு வரையும் சிறை விதிக்கலாம். பிரித்தானியப் பிரசை இரண்டாவது மணத்தை எந்நாட்டில் செய்தாலும் இங்கிலாந்தில் விசாரிக்கப்படலாம் என்பது குறிப்பிடத்தக்கது. ஊருக்குப் போய்ச் செய்துகொண்டேன் என்று தப்ப வழியில்லை.

மதம் மாறித் தப்ப முயன்றோரும் உளர். 1933 இல் கிறித்தவ முறைப்படி மணந்த ஒருவர் 1959 இல் இஸ்லாத்தைத் தழுவி மற்றொருத்தியை மணந்தார். ‘ரீட் வழக்கு’ என வழங்கும் அவ்வழக்கில் இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1965 இல் அவர் குற்றவாளி அல்லர் எனத் தீர்த்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வாயில் திறந்தே கிடந்தது. 1997 இல் இலங்கை உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர் கொண்ட குழு அதனை அடைத்தது. ஒருதார விவாகத்தில் ஏற்ற கடப்பாட்டை மதமாற்றத்தால் உதறிவிட முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஏழு வருடம் செய்தி இல்லாவிட்டால் விவாகம் தானே முறிந்துவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது அரை உண்மை. ஏழாண்டு தொடர்ந்து காணப்படாமலும், உயிருடன் இருப்பதாக அறியப்படாமலும் போனவரின் துணை, உள்ள நிலையைப் புதிய துணைக்கு எடுத்துரைத்து மணந்தால் தண்டிக்கப்படமாட்டார் என்பதே சட்டக்கோவையின் விலக்கு. போனவர் உயிருடன் இருந்தால் முதல் விவாகம் இருந்தபடியே இருக்கும். யுத்தத்தில் காணாமற் போனோரின் குடும்பங்களுக்காக 2016 இல் ஏற்படுத்தப்பட்ட ‘காணக்கிடையாமைச் சான்றிதழ்’ ஆதன அலுவல்களுக்கு உதவும், விவாகத்தை நீக்காது.

விவாகத்தை நீக்குவது மாவட்ட நீதிமன்றமே. உடுப்பிட்டியாருக்கு அது பருத்தித்துறையில் உள்ளது. இலங்கையின் பொதுச் சட்டம் மூன்று காரணங்களையே ஏற்கின்றது: விவாகத்தின் பின் நிகழ்ந்த பிறர்மனைத் தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுச் செல்லுதல், விவாக காலத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு முதலிய இயலாமை. இருவரும் மனமொத்துப் பிரிகிறோம் என்பது போதாது. தீர்ப்புக் கிடைத்தவுடன் மணக்கவும் கூடாது. முதலில் வழங்கப்படுவது இடைக்காலத் தீர்ப்பு. மூன்று மாதத்தின் பின்னரே அது முடிவான தீர்ப்பாகும். இங்கிலாந்தில் இந்த இடைவெளி ஆறு வாரம். கனடாவில் விவாகரத்து பொதுவாகத் தீர்ப்பின் முப்பத்தோராம் நாளிலேயே நடைமுறைக்கு வரும். இந்த இடைநாட்களில் முகூர்த்தம் வைத்து விவாகத்தைப் பாழாக்கிக்கொண்டவர் உண்டு.

சிறைத்தண்டனையைவிட ஊரிலுள்ள பெண்ணை அன்றாடம் வருத்துவது ஆதனப் பிரச்சினை. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகளும் வழியுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி, தன் சொந்த நிலத்தையும் வீட்டையும் கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. தாய் தந்தையர் தந்த சீதன வளவாயினும் அதுவே விதி. பத்தாண்டாகக் கடிதம் போடாத, வேறு குடும்பமும் வைத்திருக்கும் கணவனின் கையொப்பம், மகளின் படிப்புக்காக ஒரு பரப்புக் காணியை விற்பதற்கும் வேண்டும். நொத்தாரிசு அதையே கேட்பார். இதற்கு மாற்று அச்சட்டத்தின் 8 ஆம் பிரிவில் இருக்கின்றது. கணவன் கைவிட்டுச் சென்றாலோ, இருப்பிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச்செய்து அச்சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். இந்த வழி இருப்பதை அறியாது காணியைப் பற்றைக்கு விட்டிருக்கும் பெண்கள் உளர்.

இதற்கு மறுபுறமும் உண்டு. முதல் விவாகம் நீக்கப்படாதிருக்கையில் கணவன் வெளிநாட்டு உழைப்பால் ஊரில் விலைக்கு வாங்கும் காணி, அந்த விவாகத்தின் தேடியதேட்டம் என்று வாதிக்க இடமுண்டு. அவன் இறந்தபின் அதில் பங்கு கேட்டு வரக்கூடியவள் உடுப்பிட்டியில் இருப்பவளே. இரண்டாவதாக மணந்தவள், எதனையும் அறியாது மணந்திருப்பினும், வெறுங்கையுடன் நிற்க நேரும்.

வெளிநாட்டு மாப்பிள்ளையின் சாதகத்தைக் கேட்கும் பெற்றோர், அவர் வாழும் நாட்டின் அதிகாரிகள் வழங்கும் விவாக நிலைச் சான்றிதழையும், முன்னர் மணந்து பிரிந்தவராயின் முடிவான தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதியையும் கேட்கலாம். அது முடிவான தீர்ப்பா, இடைக்காலத் தீர்ப்பா, மறுதரப்புக்கு அறிவித்தல் கொடுத்துப் பெறப்பட்டதா என்று ஒரு சட்டத்தரணியிடம் காட்டுவதில் அவமானம் ஏதுமில்லை. ஏற்கனவே மனைவி இருப்பதை அறிந்த எவரும், விவாக அறிவித்தல் கொடுக்கப்பட்ட பின் பதிவுகாரரிடம் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அது விசாரித்துத் தீர்க்கப்படும்வரை சான்றுப் பத்திரம் வழங்கப்படமாட்டாது. ஆனால் இரண்டு வார விடுமுறையில் வருபவருக்காக விசேட அனுமதிப் பத்திரம் பெற்று எழுத்து நடத்தும்போது, ஆட்சேபம் சொல்ல வேண்டியவருக்குச் செய்தி எட்டுமுன்னரே கையொப்பம் விழுந்துவிடுகின்றது.