காதை முந்தும் பெயர்

ஸ்ரீவைகுண்டம் பக்கம் அம்மன் கொடைக்கு வாடகை செட் பேசும்போது, 'அஹுஜாதானே?' என்ற கேள்வி சகஜம். 1940இல் டெல்லியில் தொடங்கிய கம்பெனி அது. கொடை நாட்களின் வெயிலையும் தூசியையும் மின்சாரத் தள்ளாட்டத்தையும் ஆம்ப்ளிஃபயர் தாங்கியதா என்பதை ஊரே கேட்டது. மக்கர் பண்ணினாலும் ஊருக்கே தெரிந்தது. பிராண்ட் மதிப்பு இங்கே பொதுக் காதின் தீர்ப்பு. (இதைப் பொற்காலமாக்க வேண்டாம். குழாயை எந்தத் தெருவைப் பார்த்துக் கட்டுவது என்பதில் சாதியும் இருந்தது.)

ஹோம் தியேட்டர் வாங்கும் இடத்தில் இந்தப் பொதுக் காது இல்லை. கடையின் அறை வேறு, வீட்டின் அறை வேறு. சுவரும் மூலையும் அடித்தொனியை மாற்றிவிடும். இரண்டு செட்டில் சற்றே சத்தம் கூடியதுதான் நல்லதாகப் படும். நேற்று இன்னொரு கடையில் கேட்டது ஞாபகத்தில் நிற்காது. ஒப்பிட முடியாத இந்த வெற்றிடத்தில்தான் பெயர் வந்து உட்காருகிறது. 'சோனின்னா சோனிதான்' என்பது வளைகுடாவிலிருந்து வந்த டேப்ரிக்கார்டர்கள் வழியே நமக்குள் இறங்கிய தீர்ப்பு. இன்றைய பெட்டியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

1994இல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற ஆய்வாளர்கள் ஹார்மன் கம்பெனி ஊழியர்கள் 40 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னாலும் கண்முன்னாலும் கேட்கச் செய்தார்கள். கண்ணில் பட்டதும் சொந்தக் கம்பெனியின் பெரிய, விலை கூடிய பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது. சின்ன, மலிவான செட்டுக்கு இறங்கியது. இன்னொன்றும் நடந்தது. பெட்டியை அறைக்குள் இடம் மாற்றியபோது, பார்க்காமல் கேட்டவர்களுக்குப் புலப்பட்ட வேறுபாடு, பார்த்துக் கேட்டவர்களுக்கு அவ்வளவாகப் புலப்படவில்லை. கண் காதை அடைத்துவிட்டது.

நாம் பொருளைக் குறியாகவே நுகர்கிறோம் என்று போத்ரியார் 1968இலிருந்து விவாதித்து வந்தார். அக்குறியே தனிச் சரக்காகக் கைமாறுவதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐவாவை 2002இல் சோனி முழுதாக எடுத்துக்கொண்டு, பிறகு நிறுத்தியது. 2017இல் அந்தப் பெயர் மட்டும் இன்னொரு ஜப்பான் கம்பெனியிடம் போய் மறுபடி கடைக்கு வந்தது. ஜேபிஎல், ஹார்மன் கார்டன், இன்ஃபினிட்டி மூன்றும் ஹார்மனின் பிள்ளைகள்; ஹார்மனோ 2017 முதல் சாம்சங் வீட்டில். ஜேபிஎல்லா ஹார்மன் கார்டனா என்று நாம் மூளையைக் கசக்குகிறோம். பணம் போவது ஒரே கல்லாவுக்கு.

பெயர் அத்தனையும் பொய் என்பதல்ல வாதம். உதிரிபாகம் கிடைக்குமா, ரிப்பேருக்கு ஆள் வருவாரா என்பதைப் பெயர் ஓரளவு சொல்லும். ஓசையைச் சொல்லாது. தவணையில் வாங்குகிறவர் பழகிய பாட்டு ஒன்றைக் கொண்டுபோய், இரண்டு செட்டிலும் சத்தத்தைச் சமமாக வைத்து, கண்ணை மூடிக் கேட்கட்டும். தன் காதைத் திரும்பப் பெறுவதும் ஓர் அரசியல்தான்.